செய்யாற்று மணலில் ஒரு கேரியர்

காஞ்சிபுரம் வட்டாரத்தில் எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி முடித்தவர்களின் ரெஸ்யூமேக்களைப் புரட்டினால் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். யுவி ஸ்பெக்ட்ரோமீட்டர், எஃப்டிஐஆர், டைட்ரேஷன், எம்எஸ் ஆபீஸ், ‘டீம் பிளேயர்’. ஹெச்ஆர் ஆள் அரை நிமிடத்தில் அடுத்த தாளுக்குப் போய்விடுவார். அவர் கையை நிறுத்திவைக்க ஒரு வரி வேண்டும். அந்த வரி உங்கள் ஊர் ஆற்றில் கிடக்கிறது.

மாகறலை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற ரோட்டில், சம்பந்தர் பாடிய சிவன் கோயில் இருக்கும் ஊர். பக்கத்தில் செய்யாறு. ஜவ்வாது மலையில் புறப்படும் அந்த ஆறு மாகறலைத் தாண்டி, திருமுக்கூடலில் பாலாற்றோடும் வேகவதியோடும் கலக்கிறது. பாலாறு கல்பாக்கத்துக்குத் தெற்கே, வயலூர் பக்கம் கடலுக்குப் போகிறது. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்துக்குள் ‘காமினி’ என்ற சின்ன ரியாக்டர் இருக்கிறது. 30 கிலோவாட். தோரியத்திலிருந்து கிடைக்கும் யுரேனியம்-233தான் எரிபொருள். 1996 அக்டோபர் 29 அன்று முதல் தொடர்வினை. மின்சாரம் தயாரிப்பது அதன் வேலை இல்லை. நியூட்ரான் கொடுப்பதுதான் வேலை. அந்த நியூட்ரானை வைத்து, ஒரு சிட்டிகை மண்ணில் எந்தத் தனிமம் எத்தனை பிபிஎம் என்று அளக்கிறார்கள். பெயர் நியூட்ரான் ஆக்டிவேஷன் அனாலிசிஸ்; லேபில் எல்லோரும் சொல்வது என்ஏஏ.

2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமாகப் பிரியும்வரை கல்பாக்கமும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை நம் பிள்ளைகளில் பலர் அட்வான்டேஜாகப் பார்ப்பதே இல்லை. பார்க்கிறவர்களுக்காக இந்தக் கட்டுரை.

1. ஆறு வாக்கியத்தில் சொல்லப் பழகுங்கள்

இன்டர்வியூவில் ‘என்ஏஏ என்றால் என்ன?’ என்று கேட்டால் பாடப்புத்தகத்தை ஒப்பிக்காதீர்கள். இப்படிச் சொல்லுங்கள்: “சாம்பிளை ரியாக்டரில் வைத்து நியூட்ரான் பாய்ச்சுகிறோம். அதிலுள்ள அணுக்களில் மிகச் சில நியூட்ரானைப் பிடித்துக் கதிரியக்கமாகின்றன. வெளியே எடுத்தபிறகு அவை காமா கதிர் விடுகின்றன. கதிரின் எனர்ஜி எந்தத் தனிமம் என்று சொல்லும். கதிர்களின் எண்ணிக்கை எவ்வளவு இருக்கிறது என்று சொல்லும். சாம்பிளை ஆசிடில் கரைக்க வேண்டியதில்லை.”

கடைசி வாக்கியம் உங்கள் துருப்புச்சீட்டு. அதை மறக்காதீர்கள். ஏன் என்று பின்னால் வருகிறது.

கொஞ்சம் வரலாறும் கையில் இருக்கட்டும், கேட்டால் மட்டும் எடுங்கள். 1936இல் கோபன்ஹேகனில் ஜார்ஜ் ஹெவெஷியும் ஹில்டே லெவியும் இட்ரியத்தில் கலந்திருந்த டிஸ்ப்ரோசியத்தை இந்த வழியில் கண்டுபிடித்தார்கள். அப்போது ரியாக்டரே கிடையாது. ரேடியத்தையும் பெரிலியத்தையும் கலந்து நியூட்ரான் எடுத்தார்கள். அங்கே ரேடியம் வந்த கதை சுவாரசியமானது: நீல்ஸ் போரின் 50ஆவது பிறந்தநாளுக்கு ஹெவெஷி முன்னின்று நன்கொடை வசூலித்து, 600 மில்லிகிராம் ரேடியத்தைப் பரிசாக வாங்கிக் கொடுத்தார். பரிசு போருக்கு, பலன் வசூலித்தவருக்கும். ஃபெசிலிட்டியை உண்டாக்கத் தெரிந்தவர் கைக்கு ரிசல்ட் வருவதில் ஆச்சரியம் இல்லை.

2. எதற்கு லாயக்கில்லை என்பதை முதலில் படியுங்கள்

தன் கருவி எல்லாம் செய்யும் என்று சொல்கிறவரை எந்த பேனலும் நம்பாது. என்ஏஏவுக்கு ஈயம் பிடிபடாது. நியூட்ரான் பட்ட ஈயம், அளக்க வசதியான காமா எதையும் விடுவதில்லை. ‘ஹெவி மெட்டல் மொத்தமும் பார்த்துத் தருகிறேன்’ என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஈயக் கட்டத்தைக் காலியாக விடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுத்த ஆர்டர் அவர்களுக்கு வருவதில்லை.

குரோமியம் நன்றாகவே வரும். ஆனால் வருவது மொத்தக் குரோமியம். அதில் எவ்வளவு மூன்று இணைதிறன், எவ்வளவு ஆறு இணைதிறன் என்று என்ஏஏ சொல்லாது. நியூட்ரான் போய்ச் சேர்வது அணுக்கருவுக்கு. அணு எந்தச் சேர்மத்தில் இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விஷம் அதிகம் ஆறு இணைதிறனில்தான். அதைப் பிரித்துச் சொல்ல வேண்டுமானால் ரியாக்டருக்குப் போகும் முன்பே கெமிஸ்ட்ரி செய்து பிரித்திருக்க வேண்டும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்று பாலாற்றோரம் முழுக்கத் தோல் தொழிற்சாலைகள் இருக்கும் மாநிலத்தில், இந்த வித்தியாசம் தெரியாதவருக்கு என்விரான்மென்ட் வேலை கிடையாது.

இன்னொரு உள்ளூர் உதாரணம். காஞ்சிபுரத்தில் பட்டுப் புடவை இருக்கும் இடத்தில் ஜரிகை டெஸ்டிங் இருக்கும். ‘தங்கத்தை நுணுக்கமாக அளக்கும் முறை ஆயிற்றே, ஜரிகைக்கு என்ஏஏ செய்யலாமா?’ என்று கேட்டால், செய்ய வேண்டாம் என்பதுதான் சரியான பதில். வெள்ளியும் தங்கமும் நியூட்ரானை அதிகமாக விழுங்கும். சாம்பிளின் மேல்பகுதி உள்பகுதிக்கு நிழல் போட்டுவிடும். திருத்தம் செய்யாவிட்டால் ரிசல்ட் குறைவாக வரும். போதாததற்கு, கதிரியக்கமான வெள்ளியில் ஒரு வகையின் அரைவாழ்வு 250 நாள். ஜரிகையைக் கொடுத்தவர் அதைத் திரும்பக் கையில் வாங்க வருஷக்கணக்கில் ஆகும். அந்த வேலைக்கு எக்ஸ்ஆர்எஃப் மெஷின் போதும். சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

3. மண் எடுப்பதிலேயே பாதித் தேர்வு முடிந்துவிடுகிறது

நியூட்ரான், டிடெக்டர் என்று பேச எல்லோருக்கும் ஆசை. சாம்பிள் எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. போட்டி குறைவான இடம் அது. அங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும்.

ஆற்றில் இறங்கும்போது ஸ்டீல் கரண்டி, இரும்புக் கொத்து வேண்டாம். பிளாஸ்டிக் அல்லது மரக்கரண்டி. குரோமியமும் நிக்கலும் தேடும்போது எவர்சில்வரை உள்ளே விடுவது வீட்டுச் சாவியைத் திருடனிடம் கொடுப்பது போல. பாலித்தீன் பையில் போட்டு, பையின் மேல் இடம், தேதி, ஆழம் மூன்றையும் எழுதுங்கள். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று விட்ட பை குப்பைக்குத்தான் போகும்.

உலர்த்துவதில் ஒரு பொறி இருக்கிறது. 105 டிகிரி ஓவனில் ராத்திரி முழுக்க வைப்பது கெமிஸ்ட்ரி லேபில் பழக்கம். பாதரசம் பார்க்கப் போகிறீர்கள் என்றால் அது ஆவியாகிப் போயிருக்கும். சாதாரண அறை வெப்பத்தில், இல்லையென்றால் 40 டிகிரியைத் தாண்டாமல் காயவையுங்கள். நைலான் சல்லடையில் சலியுங்கள். 63 மைக்ரானுக்குக் கீழே உள்ள வண்டலை எடுப்பது வழக்கம். உலோகங்கள் அதிகம் ஒட்டியிருப்பது அந்த நுண்ணிய களிமண்ணில்தான். பருமணலையும் வண்டலையும் ஒப்பிட்டு ‘மாசு பத்து மடங்கு’ என்று எழுதிவிடாதீர்கள். அது மாசு இல்லை, சல்லடை.

அரைப்பதற்கு அகேட் கல்வம். டங்ஸ்டன் கார்பைடு மில் வேகமாக அரைக்கும்தான், கூடவே டங்ஸ்டன், கோபால்ட், டான்டலம் மூன்றையும் சாம்பிளுக்குள் தூவிவிடும். மூன்றையும் என்ஏஏ துல்லியமாகப் பிடிக்கும். பிறகு ஆற்றில் கோபால்ட் வந்த கதையை எழுத உட்கார்வீர்கள்.

50 முதல் 100 மில்லிகிராம் போதும். எடை போட்டு, சுத்தமான பாலித்தீனில் பொட்டலம். நீண்ட நேரம் ரியாக்டரில் இருக்கப் போகிறதென்றால் அலுமினியத் தாளோ குவார்ட்ஸ் குழாயோ. கூடவே மண் இல்லாத காலிப் பொட்டலம் ஒன்றும் போக வேண்டும். பிளாங்க் போடாதவருடைய எண்ணை யாரும் வாங்கமாட்டார்கள்.

4. காத்திருப்பதற்கும் கணக்கு உண்டு

என்ஏஏ படிப்பவரின் மூளை எப்படி வேலை செய்கிறது என்பது இங்கே தெரியும். இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள், மற்றவை பின்னால் வரும்.

ரியாக்டரிலிருந்து எடுத்த உடனே மண்ணை டிடெக்டரில் வைத்தால் அலுமினியம் கத்தும். களிமண் என்றாலே அலுமினியம். அதன் அரைவாழ்வு 2.24 நிமிடம். அரை மணி நேரம் பொறுத்தால் அது அடங்கி, 2.58 மணி நேர மாங்கனீசு தெளிவாகத் தெரியும். அடுத்து சோடியம் வரும். 15 மணி நேர அரைவாழ்வு. அதன் கதிர் ஸ்பெக்ட்ரம் முழுக்க ஒரு மேடு போட்டுவிடும். சின்னச் சின்ன பீக்குகள் அந்த மேட்டுக்குள் புதைந்துபோகும்.

நீங்கள் தேடுவது ஆர்செனிக் என்று வைத்துக்கொள்வோம். அதன் அரைவாழ்வு 26 மணி நேரம். சோடியம் அடங்கட்டும் என்று காத்திருந்தால் ஆர்செனிக்கும் கூடவே கரைகிறது. எவ்வளவு நாள் காத்திருப்பீர்கள்? கணக்கு போடுங்கள். 3 நாளில் சோடியம் சுமார் 28இல் ஒரு பங்காகும். ஆர்செனிக் 7இல் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பேரம் லாபம். 6 நாள் பொறுத்தால் சோடியம் 700இல் ஒரு பங்குக்கும் கீழே போகும், ஆனால் ஆர்செனிக்கும் சுமார் 45இல் ஒரு பங்காகிவிடும். எண்ணுவதற்குப் போதுமான கதிர் மிஞ்சாது. ஆக மூன்றாம் நாள் வாக்கில் ஆர்செனிக்கையும் லாந்தனத்தையும் எண்ணுங்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து அதே பொட்டலத்தை மறுபடி வைத்து 27.7 நாள் குரோமியம், 84 நாள் ஸ்கேன்டியம், 44.5 நாள் இரும்பு, 5.27 ஆண்டு கோபால்ட் எல்லாவற்றையும் எடுங்கள். ஒரே பொட்டலம், பல தடவை எண்ணுதல்.

இந்தக் கணக்கைப் பேப்பரில் போட்டுக் காட்டத் தெரிந்தால் போதும், பேனலில் இருப்பவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்காருவார்.

ஸ்கேன்டியத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அதற்குப் பெரிய மார்க்கெட் இல்லை, மாசும் இல்லை. அதனால்தான் உங்களுக்கு அது தேவை. தொழிற்சாலை ஸ்கேன்டியத்தை ஆற்றில் கொட்டுவதில்லை, அது பாறையிலிருந்து வருவது. என்ஏஏ அதை மிக நுட்பமாக அளக்கும். குரோமியத்தை ஸ்கேன்டியத்தால் வகுத்துப் பாருங்கள். திருமுக்கூடலுக்கு மேலே பாலாற்றில் ஒரு விகிதம், மாகறலில் செய்யாற்றில் ஒரு விகிதம். தோல் தொழில் வரிசை பாலாற்றோரம்தான் இருக்கிறது. ஆகவே செய்யாற்று மண்ணைப் பின்புல அளவாக வைக்க ஒரு நியாயம் உண்டு. முழு நியாயம் இல்லை. செய்யாறு பக்கமும் சிப்காட் வந்துவிட்டது. மேல்மண்ணோடு நிற்காமல் பழைய ஆழத்து வண்டலையும் எடுத்து, பின்புலம் என்று எதைச் சொல்கிறீர்கள், ஏன் சொல்கிறீர்கள் என்று ஒரு பத்தி எழுதுங்கள். தீசிஸில் எக்ஸாமினர் விரல் வைக்கும் இடம் அந்தப் பத்திதான்.

5. பீக் பக்கத்தில் பீக்

கல்பாக்கம் கடற்கரை மணலில் மோனசைட் உண்டு. மோனசைட்டில் தோரியம். தோரியத்தால் வரும் காமா 311.9 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். குரோமியத்தின் காமா 320.1. இடைவெளி 8. நல்ல ஜெர்மானியம் டிடெக்டர் இரண்டையும் பிரித்துக் காட்டும். பழைய சோடியம் அயோடைடு டிடெக்டர் ஒரே மேடாகக் காட்டும். பாலாறு கடலில் கலக்கும் இடத்து மணலை அதில் எண்ணினால் தோரியத்தைக் குரோமியம் என்று எழுதிவிடுவீர்கள்.

ஆர்செனிக்கின் 559.1க்கு ஒரு பக்கம் புரோமினின் 554.3, மறுபக்கம் ஆன்டிமனியின் 564.2. உப்புக் காற்று படும் மண்ணில் புரோமின் இருக்கும். பாதரசத்தின் 279.2உம் செலீனியத்தின் 279.5உம் எந்த டிடெக்டருக்கும் ஒன்றுதான். செலீனியத்தின் வேறு பீக்கை அளந்து, 279இல் அதன் பங்கைக் கழித்தால்தான் பாதரசம் மிஞ்சும். யுரேனியம் அதிகம் உள்ள சாம்பிளில் பிளவு வழியாகவே லாந்தனம், சீரியம் உண்டாகும். அதையும் கழிக்க வேண்டும்.

சாஃப்ட்வேர் போட்ட பெயரை அப்படியே ரிப்போர்ட்டில் ஒட்டுகிறவர் ஆபரேட்டர். எந்தப் பெயர் பொய்யாக இருக்கலாம் என்று தேடுகிறவர் அனலிஸ்ட். சம்பளத்தில் வித்தியாசம் உண்டு.

6. எண்ணுக்கு ஜாமீன்

இந்தத் துறையில் விலைபோவது ரியாக்டர் அனுபவம் என்று பலர் நினைக்கிறார்கள். ரியாக்டர் உங்கள் சொத்து இல்லை. நாளைக்கு மெயின்டனன்ஸுக்கு மூடினால் அனுபவமும் நிற்கும். விலைபோவது, ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு அதற்கு ஜாமீன் நிற்கும் திறமை. அது எந்த லேபுக்குப் போனாலும் கூடவே வரும்.

ஜாமீன் என்றால் இதுதான். உங்கள் சாம்பிளோடு சேர்த்து, அளவு ஏற்கெனவே தெரிந்த ஒரு நியமப் பொருளையும் கதிரூட்ட வேண்டும். மண்ணுக்குப் பல காலமாகப் புழங்குவது சர்வதேச அணுசக்தி முகமையின் சாயில்-7. அதில் ஆர்செனிக் 13.4 பிபிஎம், குரோமியம் 60 பிபிஎம். உங்கள் முறையில் குரோமியம் 75 வந்தால், மாகறல் மண்ணைப் பற்றி வாயே திறக்காதீர்கள். முதலில் 75 ஏன் வந்தது என்று தேடுங்கள்.

அடுத்தது பிழைவீதம். பீக்கில் 10,000 எண்ணிக்கை இருந்தால் புள்ளியியல் பிழை 1 சதவீதம். 100 தான் இருந்தால் 10 சதவீதம். ‘3.4172 பிபிஎம்’ என்று நான்கு தசமம் போடுவது அறிவைக் காட்டாது.

கே-நாட் முறையையும் கற்றுக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தனிமத்துக்கும் தனித்தனி ஸ்டாண்டர்டு வைக்காமல், தங்கத்தை மட்டும் ஒப்பீடாக வைத்து மற்றவற்றைக் கணக்கிடும் வழி. 1975இல் பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்காரர்களும் ஹங்கேரியின் புடாபெஸ்ட்காரர்களும் சேர்ந்து கொண்டுவந்தது. 0.1 சதவீதம் தங்கம் கலந்த அலுமினியக் கம்பித் துண்டுதான் வழக்கமான மானிட்டர். இந்தியாவில் மும்பையின் ட்ராம்பேயும் கல்பாக்கமும் இந்த முறையில் வேலை செய்திருக்கின்றன. ரெஸ்யூமேயில் இந்த ஒரு வார்த்தை, தெரிந்தவர் கண்ணில் உடனே படும். தெரியாமல் எழுதினால் அதைவிட வேகமாகப் படும்.

எதற்கு இத்தனை கெடுபிடி? பாலாற்றுத் தோல் கழிவு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தது. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் வேர்விட்டதில் அந்த வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. நீங்கள் எழுதும் எண்ணும் ஒருநாள் அப்படி ஒரு ஃபைலுக்குள் போகலாம். எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கும் முதல் கேள்வி, ‘உங்கள் ஸ்டாண்டர்டு என்ன காட்டியது?’

7. உள்ளே போகும் வழி

காமினியின் கேட்டில் போய் நின்றால் கதவு திறக்காது. வழிகள் இவை. யுஜிசி-டிஏஇ கூட்டு ஆராய்ச்சி அமைப்புக்குக் கல்பாக்கம் அருகே கோகிலமேட்டில் ஒரு கிளை உண்டு. பல்கலைக்கழக ஆசிரியர் புரபோசல் கொடுத்தால் அணுசக்தித் துறையின் வசதிகளைப் பயன்படுத்த அந்த அமைப்பு வழிசெய்கிறது. அணு அறிவியல் ஆராய்ச்சி வாரியமான பிஆர்என்எஸ் தரும் நிதியும் அப்படித்தான். எதுவானாலும் கையெழுத்துப் போடப்போவது உங்கள் கைடு. ஆகவே கைடைத் தேர்ந்தெடுக்கும்போதே, அவர் இப்படி புரபோசல் எழுதுகிறவரா என்று சீனியர்களிடம் விசாரியுங்கள். நல்ல மனிதரா என்பது இரண்டாவது கேள்வி.

அணு வேதியியலாளர்களின் சங்கமான ஐயன்காஸ், கல்லூரிகளோடு சேர்ந்து வொர்க்‌ஷாப் நடத்துகிறது. போய் உட்கார்ந்து சர்டிஃபிகேட் வாங்கிக்கொண்டு பிரியாணி சாப்பிட்டுவிட்டு வராதீர்கள். பேசவந்த சயின்டிஸ்டிடம் உங்கள் மண் பற்றி ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். அடுத்த வாரம் மெயில் போடும்போது அந்தக் கேள்வியை நினைவுபடுத்துங்கள்.

மெயில் சின்னதாக இருக்கட்டும். எத்தனை சாம்பிள், எந்தத் தனிமங்கள், எதிர்பார்க்கும் அளவு, எவ்வளவு எடை, ஆசிடில் கரைத்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் ஏன் போதாது. இந்த ஐந்தும் இருந்தால் பதில் வர வாய்ப்பு உண்டு. ‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரஸ்டட்’ என்று ஒரு பக்கம் எழுதினால் வராது.

காமினியின் நியூட்ரான் அளவு எல்லாவற்றுக்கும் போதாது. நீண்ட அரைவாழ்வுத் தனிமங்களுக்கு ட்ராம்பேயின் 100 மெகாவாட் த்ருவா மாதிரிப் பெரிய ரியாக்டர் வேண்டியிருக்கும். புரபோசலிலேயே இதைப் பிரித்து எழுதுங்கள். வசதியின் எல்லை தெரிந்து வருகிறவரை யாருக்கும் பிடிக்கும்.

8. நிரந்தர வேலை வேண்டுமா

கல்பாக்கத்தில் அணுசக்தித் துறையின் பயிற்சிப் பள்ளி 2006 முதல் நடக்கிறது. சயின்டிஃபிக் ஆபீசராக நுழைய அது நேர்வழி. கேட் மதிப்பெண்ணைக் கூர்தீட்டுங்கள். வயது வரம்பு இறுக்கமானது, எம்.எஸ்சி. முடித்து மூன்று வருஷம் வீட்டில் யோசிக்க நேரம் கிடையாது. பி.எஸ்சி.காரர்களுக்கு ஸ்டைபெண்டரி டிரெய்னி வழி உண்டு. பிஹெச்.டி. என்றால் ஹோமி பாபா தேசிய நிறுவனம் வழியாகப் பதிவு. ஜியாலஜிக்காரர்கள் ஹைதராபாத்தில் தலைமையிடம் கொண்ட அணு கனிம இயக்குநரகத்தைப் பார்க்கலாம். மோனசைட்டில் ஆர்வம் என்றால் மணவாளக்குறிச்சி ஐஆர்இஎல்.

அதற்காக எல்லா முட்டையையும் ஒரே கூடையில் வைக்க வேண்டாம். சென்னையிலும் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலும் வேலை கொடுக்கும் தனியார் லேபுகள் கேட்பது ஐசிபி-எம்எஸ். மருந்துக் கம்பெனிகளுக்கு உலோக மாசு அளப்பது கட்டாயமான பிறகு அந்தத் தேவை ஏறியிருக்கிறது. என்ஏஏ சோறு போடும் என்று நம்பி ஐசிபியை விடுகிறவர் பசியோடு இருப்பார். இரண்டும் தெரிந்தவருக்குக் கூடுதல் விலை. ஐஎஸ்ஓ 17025 தரநிலையைக் கையோடு படித்துவையுங்கள். லேப் மேனேஜர்களின் தலைவலி அதுதான், அதைத் தீர்க்கிறவருக்குப் பதவி உயர்வு வேகமாக வரும். காமா ஸ்பெக்ட்ரோமெட்ரி தெரிந்தால் ஏற்றுமதி உணவு, கட்டடப் பொருள் ஆகியவற்றில் கதிரியக்கம் சோதிக்கும் லேபுகளும் திறக்கும்.

வெளிநாடு போகும் எண்ணம் இருந்தால்: கனடாவில் ஆக்ட்லேப்ஸ் போன்ற தனியார் கம்பெனிகள் தங்கம் தேடும் சுரங்கக்காரர்களுக்காக என்ஏஏவை வியாபாரமாகவே நடத்தியிருக்கின்றன. அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழக ரியாக்டர், ஹாலந்தின் டெல்ஃப்ட், ஸ்லோவேனியாவின் லுப்லியானா ஆகியவை ஆராய்ச்சிக்கு.

9. வீட்டில் கேட்கும் கேள்வி

‘கல்பாக்கமா? ரேடியேஷன் இருக்குமேப்பா.’ இதற்குக் கோபப்படாதீர்கள். எண் சொல்லுங்கள். கதிர்வீச்சோடு வேலை செய்பவருக்கு ஐந்தாண்டுச் சராசரியாக வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட் வரம்பு. எந்த ஒரு வருஷத்திலும் 30ஐத் தாண்டக் கூடாது. சட்டையில் டிஎல்டி பேட்ஜ் மாட்டியிருப்பார்கள், அது கணக்கு வைக்கும். பேட்ஜை மேஜை டிராயரில் விட்டுவிட்டு வேலை செய்கிறவர் தைரியசாலி இல்லை, ஒழுங்கில்லாதவர். லேபில் அப்படித்தான் பேசிக்கொள்வார்கள். அனுபவம் சேர்ந்தபின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி சான்றிதழுக்கு முயலுங்கள். அது இருந்தால் மருத்துவமனை, தொழிற்சாலை என்று வேறு கதவுகளும் உண்டு.

10. பெயர் எங்கே போகிறது என்று பாருங்கள்

1980இல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை. டைனோசர்கள் அழிந்த காலத்துக் களிமண் அடுக்கில் இரிடியம் வழக்கத்தைவிட இத்தாலியில் சுமார் 30 மடங்கு, டென்மார்க்கில் 160 மடங்கு, நியூசிலாந்தில் 20 மடங்கு. விண்கல் மோதியது என்ற வாதம் அதிலிருந்து பிறந்தது. உலகத்துக்குத் தெரிந்தது அல்வாரெஸ் என்ற அப்பா-மகன் பெயர். இரிடியத்தை என்ஏஏவில் அளந்த ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் இருவரும் அதே கட்டுரையின் ஆசிரியர்கள்தான். பின்னால் நம் நாட்டில் குஜராத்தின் அஞ்சாரிலும் அந்தக் காலத்து இரிடியத்தைத் தேடிப் பிடித்தார்கள்.

நினைவில் வையுங்கள்: அசாரோவும் மிஷெலும் நன்றி பட்டியலில் இல்லை, ஆசிரியர் பட்டியலில் இருந்தார்கள். அளப்பவருக்கு அந்த இடம் தானாக வருவதில்லை. சாம்பிள் கொடுக்கும் முன்பே, ‘பேப்பரில் என் பெயர் எங்கே?’ என்று பணிவாகக் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள். ரிசல்ட் நன்றாக வந்தபிறகு கேட்டால் சண்டையாகும்.

11. பேனல் கட்டாயம் கேட்கும் ஒன்று

“உங்கள் என்ஏஏ ரிசல்ட்டும் ஐசிபி-எம்எஸ் ரிசல்ட்டும் ஒத்துப்போகவில்லை. எதை நம்புவீர்கள்?”

‘என்ஏஏ சார், அதுதான் பெஸ்ட்’ என்றால் நன்றி, போய் வரலாம். எந்தத் தனிமம் என்று திருப்பிக் கேளுங்கள். ஹாஃப்னியமோ குரோமியமோ ஐசிபியில் குறைவாக வந்திருந்தால் காரணம் ஆசிடாக இருக்கலாம். பல்லாவரம் சார்னோக்கைட் மாதிரிப் பழைய பாறை தேய்ந்து வந்த மண்ணில் சிர்க்கான் துகள் இருக்கும். ஹாஃப்னியம் அதற்குள் உட்கார்ந்திருக்கும். குரோமைட்டும் அப்படியே. இரண்டும் சாதாரண ஆசிடுக்கு அசையாது. கரையாததை ஐசிபி எப்படி அளக்கும்? என்ஏஏவில் கரைக்கும் வேலையே இல்லை. மாறாக ஈயம், காட்மியம் என்றால் நான் ஐசிபி பக்கம் நிற்பேன் என்று சொல்லுங்கள். பிறகு இரண்டு லேபும் சாயில்-7க்கு என்ன எண் கொடுத்தன என்று கேளுங்கள். கேள்வி கேட்டவர் சிரிப்பார்.

ஆரம்பிக்க நாள் பார்க்க வேண்டாம், ஆற்றைப் பார்த்தால் போதும். ஏப்ரல், மே மாதம் செய்யாறு வறண்டு கிடக்கும்போது குழி தோண்டி ஆழத்து வண்டல் எடுப்பது சுலபம். ஜூனில் உலர்த்தி, அரைத்து, பொட்டலம் போட்டு வையுங்கள். ஜூலையில் கல்லூரி திறந்ததும் கைடு மேஜையில் சாம்பிள் பட்டியலையும் ஒரு பக்க புரபோசலையும் வைத்துவிடுங்கள். ஐசிபிக்கு அதே மண்ணில் இன்னொரு பங்கைத் தனியே எடுத்து வையுங்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் விட்டுப்போன இடங்களில் மறுபடி குழி தோண்ட அடுத்த கோடைதான்.